ஊரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து யோசிக்க: பொதுத் தத்துவ உரையாடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையினரும் அக்கம்பக்கத்து மக்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு கேள்வியை ஆராயும் கூட்டங்களைப் பற்றிய பக்கம் இது. முதல்முறை வர நினைப்பவர்களும், சொந்தமாக ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியத்தான் செய்யும். கேள்வி நன்றாக அமைந்து, நடத்துபவர் தன் வாயை அடக்கத் தெரிந்தவராகவும் இருந்துவிட்டால் கூட்டம் பாதி வெற்றி என்பது என் கட்சி.

இந்தக் கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

ஒரு கேள்வி முன்வைக்கப்படும். ‘கொடுத்த வாக்கை எப்போது மீறலாம்?’ என்பதுபோல. ஒருவர் ஐந்து, பத்து நிமிடம் பேசி, அந்தக் கேள்வியில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று காட்டுவார். அப்புறம் வந்திருப்பவர்களின் முறை. ஒருவர் உதாரணம் சொல்வார். அது பொருந்தாது என்பார் இன்னொருவர். நீங்கள் இருவரும் வாக்கு என்று சொல்வது வெவ்வேறு விஷயங்களை என்பார் மூன்றாமவர். இப்படியே ஒன்றரை மணி நேரம் போகும். கடைசியில் ஓட்டெடுப்பு கிடையாது, பரிசும் கிடையாது.

நான் தத்துவம் படித்ததே இல்லை. வரலாமா?

தாராளமாக வரலாம். பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில், தைரியம் என்றால் என்ன என்ற கேள்வியைச் சாக்ரடீஸ் கேட்பது லாக்கஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு ஏதென்ஸ் தளபதிகளிடம். அணியை விட்டு ஓடாமல் நின்று போரிடுபவனே தைரியசாலி என்கிறார் லாக்கஸ். பின்வாங்கிக்கொண்டே போரிடும் சிதியக் குதிரைப்படையினர் கோழைகளா என்று சாக்ரடீஸ் திருப்பிக் கேட்டதும் அந்த வரையறை ஆட்டம் கண்டுவிடுகிறது. போர்க்களம் பார்த்தவர்கள் என்பதால்தான் அந்த உரையாடலுக்கே ஒரு கனம் வந்தது.

இன்றைக்கும் அப்படித்தான். நோயாளியிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமா என்ற பேச்சில், ஒரு செவிலியர் சொல்லும் ஒரே ஒரு சம்பவம் பாடப்புத்தக உதாரணங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் அனுபவம் இருப்பதாலேயே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. அந்த அனுபவத்திலிருந்து அவர் எடுக்கும் முடிவைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நல்ல பேராசிரியர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவு வைத்தால் போதாதா?

சொற்பொழிவை நான் மட்டம் தட்டவில்லை. அதன் இடம் வேறு. அங்கே வேறொருவர் யோசித்து முடித்ததைக் கேட்கிறோம். கடைசிப் பத்து நிமிடம் கேள்வி நேரம் என்பார்கள். மூன்று கைகள் உயரும், அதில் ஒன்று தனிச் சொற்பொழிவாகவே இருக்கும். அவ்வளவோடு கலைந்துவிடுவார்கள்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1784-ல் அறிவொளி என்றால் என்ன என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். எனக்காகப் புரிந்துகொள்ளப் புத்தகம் இருக்கிறது, எனக்காக மனசாட்சியைச் சுமக்கப் பாதிரியார் இருக்கிறார், என் பத்தியத்தை முடிவுசெய்ய மருத்துவர் இருக்கிறார், பிறகு நான் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று இருந்துவிடுகிற சுகத்தை அதில் கிண்டல் செய்கிறார். சொந்தப் புத்தியைப் பயன்படுத்தத் துணிவு வேண்டும் என்பதுதான் கட்டுரையின் சாரம். காண்டும் பேராசிரியர்தான். ஆனாலும் அந்தப் பட்டியலில் தாராளமாக ஒரு பேராசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

சாக்ரடீஸிலிருந்து தொடங்குவது வாடிக்கை. சந்தையிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கண்டவரிடமெல்லாம் பேசியவர், அதற்குக் கட்டணம் வாங்காதவர், கி.மு. 399-ல் அதற்காகவே உயிரை விட்டவர். ஆனால் இன்றைய கூட்டங்களின் வடிவம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. இரண்டு ஓடைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது ஜெர்மனியில். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த லியோனார்ட் நெல்சன் 1922-ல் சாக்ரடீஸ் முறை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தத்துவத்தைச் சொல்லிக்கொடுப்பது வேறு, தத்துவம் செய்யக் கற்றுக்கொடுப்பது வேறு என்பது அவர் நிலைப்பாடு. ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லவே கூடாது. கேட்பவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கி, அதற்கு அடியில் கிடக்கும் கொள்கையைத் தானே தோண்டி எடுக்க வேண்டும். அவருடைய மாணவர் குஸ்டாவ் ஹெக்மன் இதைக் குழு உரையாடலாக வளர்த்தார். ஹெக்மன் சேர்த்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நடுவில் பேச்சை நிறுத்தி, நாம் எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியே தனியாகப் பேசுவது. யார் குறுக்கே பேசுகிறார், யாருக்கு வழி தவறிவிட்டது, யார் கோபத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் அப்போது மேசைக்கு வரும்.

இரண்டாவது ஓடை பாரிஸில். நீட்சே ஆய்வாளரான மார்க் சோத்தே, 1992-ல் பஸ்தி சதுக்கத்தில் இருந்த ஒரு காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தத்துவக் கூட்டங்களை ஆரம்பித்தார். அன்றைக்கு வந்தவர்கள் சொல்லும் கேள்விகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே முன்தயாரிப்பில்லாமல் பேசுவார்கள். அவர் 1998-ல் இறந்துவிட்டார். அதற்குள் அந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. நெல்சன் வழியில் ஒழுங்கு அதிகம், கூட்டம் குறைவு. சோத்தே வழியில் கலகலப்பு அதிகம், ஆழம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுக் கூட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

பட்டிமன்றத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே முடிவாகிவிடும், மனம் மாறினால் தோல்வி. இங்கே மனம் மாறுவதற்குத்தான் வருகிறோம்.

இந்தியாவின் பழைய தர்க்க மரபான நியாய தரிசனம் இந்தப் பிரிவினையை எப்போதோ செய்துவிட்டது. உண்மையைக் கண்டறியப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடு இல்லாமல் அடுத்தவர் சொன்னதை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை. மூன்றாவது வகையினர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். அவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘சரி, உங்கள் நிலைப்பாடு என்ன?’

போட்டி வடிவம்தான் வேண்டும் என்றால், அமெரிக்காவில் ராபர்ட் லேடன்சன் 1993-ல் இல்லினாய் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உருவாக்கிய அறநெறிப் போட்டியைப் பார்க்கலாம். இரு அணிகளும் எதிரெதிர் பக்கம் நிற்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. ஒரே முடிவுக்கு வந்தாலும் தவறில்லை. காரணங்களின் தரத்துக்குத்தான் மதிப்பெண்.

எப்படிப்பட்ட கேள்வியைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலான கூட்டங்கள் சொதப்புவது இந்த இடத்தில்தான். சுவரொட்டியில் கம்பீரமாகத் தெரிகிற ‘வாழ்வின் பொருள்’, ‘நீதி என்றால் என்ன’ போன்ற தலைப்புகள் அறைக்குள் வந்ததும் கரைந்துபோகும். ஆளுக்கொரு திசையில் நல்ல வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் யாருடனும் மோத வேண்டிய அவசியமே வராது.

முதல் சோதனை: தகவல் கிடைத்தால் தீர்ந்துவிடுமா? ‘மரண தண்டனை குற்றங்களைக் குறைக்கிறதா?’ என்பது ஆய்வாளர்களின் கேள்வி. நான்கு பேர் நான்கு புள்ளிவிவரங்களைச் சொல்வார்கள், யாராலும் சரிபார்க்க முடியாது. ‘குறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது நியாயமா?’ என்று மாற்றிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு வேலை வந்துவிடும்.

இரண்டாவது சோதனை: கேள்வி உங்களையே இரண்டு பக்கமும் இழுக்கிறதா? ‘செயற்கை நுண்ணறிவு உலகை எப்படி மாற்றும்?’ என்பது ஜோசியம். ‘இரங்கல் கடிதத்தைக் கணினி எழுதிக் கொடுத்தது; நான் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினேன். நான் பொய் சொன்னேனா?’ என்று கேட்டால் அறை கொஞ்சம் அமைதியாகும். பொய் எங்கே இருக்கிறது? கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நான் உணர்ந்ததுதான் என்றால்? கடையில் வாங்கும் வாழ்த்து அட்டையும் அப்படித்தானே? பேச்சு தானாக நடக்கும்.

தயாராகக் கிடைக்கும் கற்பனைச் சூழல்களும் உதவும். பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கன் சொல்லும் மாய மோதிரக் கதையில், மோதிரத்தைத் திருப்பினால் அணிந்தவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். மாட்டிக்கொள்ளவே மாட்டோம் என்று உறுதியானால் யாராவது நேர்மையாக இருப்பார்களா? இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை. ராபர்ட் நோசிக் 1974-ல் முன்வைத்த அனுபவ இயந்திரமும் அப்படியே: விரும்பிய அனுபவத்தையெல்லாம் மூளைக்குத் தரும், உள்ளே போனால் அது இயந்திரம் என்பதே நினைவிருக்காது, போவீர்களா? மகிழ்ச்சி மட்டுமே வேண்டும் என்றிருப்பவர் போக மறுக்கக் காரணமே இல்லை. ஆனாலும் கேட்பவர்களில் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு என்ன காரணம் என்பதுதான் அன்றைய கூட்டம்.

தண்டவாளத்தில் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவர், ஐவரைக் காப்பாற்ற வண்டியை அந்த ஒருவர் பக்கம் திருப்பலாமா என்ற டிராம் வண்டிச் சிக்கலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பிலிப்பா ஃபுட் 1967-ல் கருக்கலைப்பு பற்றிய ஒரு கட்டுரையில் அதைச் சின்னக் கருவியாகத்தான் பயன்படுத்தினார். முழு மாலையையும் அதில் வைத்தால், கத்திக் கூப்பிட்டால் என்ன, பிரேக் ஏன் வேலை செய்யவில்லை என்று கூட்டம் ரயில்வே பொறியியலுக்குப் போய்விடும்.

நெறியாளரின் வேலை என்ன?

பேசாமல் இருப்பது. இது பாதி விளையாட்டு, பாதி உண்மை. அவர் செய்ய வேண்டியவை சிலதான். யாராவது பொதுப்படையாகப் பேசினால் ஓர் உதாரணம் கேட்பது. உதாரணம் மட்டும் சொன்னால், அது எதைக் காட்டுகிறது என்று கேட்பது. இப்போது சொன்னது முன்பு இன்னொருவர் சொன்னதோடு மோதுகிறதா என்று கூட்டத்தைக் கேட்பது. பேச்சு எங்கே நிற்கிறது என்பதை அவ்வப்போது இரண்டு வரியில் சொல்வது. ஒரு கேள்வி கேட்டபின் வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இவற்றில் கடினமானது. புதிய நெறியாளர்கள் சில விநாடிகளிலேயே பதறிப்போய்த் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். விட்டுவிட வேண்டும். அந்த மௌனத்தில்தான் ஆட்கள் யோசிக்கிறார்கள்.

இன்னொரு கருவி நம் மரபிலேயே இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் தன் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்தார். பரபக்கத்தில் பிற சமயக் கொள்கைகள் ஒவ்வொன்றையும் முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். கடவுளை மறுக்கும் உலகாயதனுக்குக்கூட அந்த மரியாதை உண்டு. உரையாடலிலும் அப்படி ஒரு விதி வைக்கலாம். மறுக்கும் முன், எதிர்க்கருத்தை அவரே தலையாட்டும்படி ஒருமுறை சொல்லுங்கள். சண்டைகள் சரிபாதியாவது ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்ற இடத்திலேயே முடிந்துவிடும்.

ஒருவரே பேசிக்கொண்டே போனால்?

இன்னும் பேசாதவர்களுக்கு முதலிடம் என்ற விதியைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு குறுக்கிட்டால் அவரைக் குறிவைத்தது போல் ஆகாது. அதற்கும் அடங்காதவரிடம், சொன்னதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். நயமாகக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாமா?

போகலாம். மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டேதான் போகிறாள். கேட்பதும் பங்கேற்பதுதான்.

பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் பேசத் தயங்கமாட்டார்களா?

தயங்குவார்கள். பேராசிரியர் வாய் திறந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவதைக் கவனித்தால் தெரியும். இருக்கைகளை வட்டமாகப் போடுவது, பட்டங்கள் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது, துறையினர் முதல் அரை மணி நேரம் பேசக் கூடாது என்று வைப்பது எல்லாம் ஓரளவு பலன் தரும். ‘இதை ஹெகல் ஏற்கெனவே சொல்லிவிட்டார்’ என்ற வகைப் பேச்சுக்குத் தடை. பெயரைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கருத்து தன் காலில் நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

சிக்கல் பேராசிரியர்களோடு முடிவதில்லை. சொல்பவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்குக் குறைந்த மதிப்புக் கொடுப்பதை ஓர் அநீதியாகவே கருத வேண்டும் என்று மிராண்டா ஃப்ரிக்கர் 2007-ல் விரிவாக வாதிட்டார். கூட்டங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். ஒரு பெண் சொன்னபோது யாரும் கவனிக்காத கருத்து, பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் சொன்னதும் அவருடையதாகிவிடும். ‘இதை முதலில் சொன்னவர் அவர்’ என்று நினைவூட்டுவது நெறியாளரின் கடமை. சங்கடமாக இருந்தாலும் செய்ய வேண்டியதுதான்.

மதம், அரசியல் பேசலாமா?

அவற்றை விலக்கிவிட்டால் மிச்சம் சுவாரசியம் இல்லாதவைதான். கட்சி, தலைவர், நேற்றைய செய்தி ஆகியவற்றை மட்டும் வெளியே வைப்பது நல்லது. அவை வந்தால் ஆட்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டு அணி சேர்வார்கள். ‘மனசாட்சிக்கு விரோதமான சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமா?’ என்பது அரசியல் கேள்விதான். யார் பெயரும் சொல்லாமல் அதை முழுதாகப் பேச முடியும்.

ஒருவரின் அடிப்படை மனித மதிப்பையே விவாதப் பொருளாக்கும் தலைப்புகளை நான் எடுக்கமாட்டேன். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தான் மனிதர்தானா என்று மற்றவர்கள் பேசி முடிவெடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இது சுதந்திரமான விசாரணைக்கு எதிரானது என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களின் கவலை புரிகிறது, ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் எல்லோர் கருத்தும் சரி என்றுதானே ஆகும்?

ஆகாது. கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதிலிருந்து எல்லாக் கருத்தும் சரி என்பது வராது. எல்லாமே சரி என்றால் ஒன்றரை மணி நேரம் பேசியது எதற்கு? ‘அது அவரவர் பார்வை’ என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியமும் அவருடைய பார்வைதானா, அல்லது எல்லோரும் ஏற்க வேண்டிய உண்மையா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் முடிவு எட்டாமல் கலைவதில் என்ன பயன்?

முடிவு எட்டாவிட்டாலும் கருத்துவேறுபாடு கூர்மையாகும். தொடக்கத்தில் ‘நீ சொல்வது தப்பு’ என்றிருந்தவர்கள், கடைசியில் ‘இந்த இடம் வரை ஒத்துப்போகிறோம், இந்த ஒரு படியில்தான் பிரிகிறோம்’ என்று சொல்ல முடிந்தால் அது பெரிய தூரம். தன் பக்கத்து நியாயத்தை மட்டும் அறிந்தவருக்கு அதுவும் அதிகம் தெரியாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதியது இந்த அர்த்தத்தில்தான்.

இதனால் ஜனநாயகம் தழைக்கும், மனிதர்கள் நல்லவர்களாவார்கள் என்றெல்லாம் விளம்பரங்களில் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. நன்றாக யோசிக்கும் அயோக்கியர்களும் உண்டு.

குழந்தைகளை அழைத்துவரலாமா?

அவர்களுக்கென்று தனிக் கூட்டம் வைத்தால் இன்னும் நல்லது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த மேத்யூ லிப்மன், காரணம் காட்டிப் பேசும் பழக்கத்தைக் கல்லூரியில் ஆரம்பிப்பது ரொம்பத் தாமதம் என்று நினைத்தார். 1974-ல் மான்ட்கிளேர் அரசுக் கல்லூரியில் குழந்தைகளுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சிறு கதையைச் சேர்ந்து வாசிப்பது, குழந்தைகளே கேள்விகளை எழுதுவது, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து பேசுவது என்பது அவர் முறை. பெரியவர்களின் கூட்டத்துக்கும் அதே முறையைக் கடன் வாங்கலாம்.

வளாகத்திலா, வெளியிலா?

வெளியில். வளாகத்தின் வாயிலில் காவலாளியிடம் விவரம் சொல்லி, மூன்றாவது மாடியில் கருத்தரங்க அறையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். பொது நூலகம் என் முதல் தேர்வு. அங்கே நுழைய யாருக்கும் காரணம் தேவைப்படாது. முதியோர் இல்லம், சிறை, மருத்துவமனை ஆகியவற்றிலும் நடத்தலாம், அந்தந்த இடத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு. அங்கே போகும்போது கேள்வியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சிறையில் இருப்பவரிடம் சுதந்திரம் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு போவது நாகரிகமில்லை.

பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன கிடைக்கும்?

மாணவர் சேர்க்கைக்கு விளம்பரம் என்று நிர்வாகத்திடம் சொல்லலாம், அனுமதி எளிதாகக் கிடைக்கும். உண்மையான ஆதாயம் வேறு. துறைக்குள் எல்லோரும் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு முன்னனுமானத்தை, வெளியிலிருந்து வந்தவர் ‘அது ஏன் அப்படி?’ என்று கேட்டு நிறுத்திவிடுவார். ஆய்வு மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. கலைச்சொற்களைப் பிடுங்கிவிட்டால் தன் ஆய்வேட்டில் என்ன மிஞ்சுகிறது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

12 முதல் 20 பேர் வசதி. அதற்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். 90 நிமிடம் போதும்.

இணையவழியில் நடத்தலாமா?

நடத்தலாம். தொலைவில் இருப்பவர்களுக்கும், வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கும் அதுதான் வழி. குழுவைச் சிறியதாக வையுங்கள். பதிவு செய்யாதீர்கள், கேமரா ஓடும்போது யாரும் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

முதல் கூட்டத்தை எப்போது வைக்கலாம்?

நாள் கிடைக்கவில்லை என்றால் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 2002-ல் முதன்முறை கொண்டாடி, 2005-ல் முறைப்படி அறிவித்த உலகத் தத்துவ நாள் அது. அறிவிப்புக்கு ஒரு சாக்கு கிடைக்கும், துறையும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். அன்றைக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது கூட்டத்தின் தேதி, இடம், கேள்வி மூன்றையும் தாளில் அச்சடித்து, முதல் கூட்டம் கலைவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.